ரெண்டு விரல் கொசுறு

பூமி எல்லாப் பொருளையும் தன் பக்கம் இழுக்கிறது. அந்த இழுப்புக்குப் பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகம் கொடுத்திருக்கும் மதிப்பு ஒன்பது புள்ளி எட்டு. அதை ஜி என்பார்கள். உத்திரமேரூரை அடுத்த ஒரு கிராமத்துப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருக்கும் ஜானகிராமனுக்கு அது மதிப்பு அல்ல, விலை. ஒரே விலைதான், ஆனால் பேசித்தான் வந்து சேர வேண்டும்.

ஊசல் சோதனை என்றால் நூலில் ஒரு குண்டைக் கட்டி ஆடவிட்டு, நூலின் நீளத்தையும் ஆடும் நேரத்தையும் வைத்து ஜியைக் கண்டுபிடிப்பது. பிள்ளைகள் கண்டுபிடித்ததை எடுத்துக்கொண்டு அவன் மேஜைக்கு வருவார்கள்.

“எவ்ளோ வந்துச்சு?”

“பத்து பாயிண்ட் நாலு சார்.”

“ரொம்ப ஜாஸ்தி. கொஞ்சம் இறங்கி வா.”

“பத்து பாயிண்ட் ஒண்ணு?”

“முடிவா சொல்லு.”

“ஒன்பது எட்டு சார்.”

“எழுதிக்கோ.”

இதில் தப்பு இருப்பதாக ஜானகிராமனுக்குத் தோன்றியதே இல்லை. அவன் கடைத்தெருவில் பிறந்தவன். அப்பா ஏகாம்பரம் உத்திரமேரூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். முதலில் சொல்லும் எண்ணை நம்பக்கூடாது, கடைசியில் படியும் எண்ணே உண்மை என்பது அவன் தாய்ப்பாலோடு குடித்த பாடம். கத்தரிக்காய்க்குச் செல்லும் நியாயம் பூமிக்குச் செல்லாதா என்ன?

பிள்ளைகளின் விடை ஏன் ஏறுகிறது என்பதற்கும் அவனிடம் ஒரு கொள்கை இருந்தது. கட்டைவிரல் கொள்கை. நிறுத்து கடிகாரத்தை அழுத்துகிற கட்டைவிரல் சோம்பேறியாக இருந்தால் கணக்கு கெடும் என்பான். வருடா வருடம் எல்லாருக்கும் பத்துக்கு மேலேயே வருகிறதே, கட்டைவிரல்தான் காரணமென்றால் ஒருவனுக்காவது குறைந்து வர வேண்டாமா என்று ஓர் இயற்பியல் ஆசிரியன் யோசித்திருக்கலாம். அந்தப் பள்ளியில் இருந்த ஒரே இயற்பியல் ஆசிரியன் ஜானகிராமன். அவன் யோசிக்கவில்லை.

இந்த நிலையில்தான் கணினி ஆய்வகத்துக்கு ஒளிக்கதவு வந்தது. தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய கறுப்புக் கருவி, இரண்டு கால், நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை. ஊசல் குண்டு நடுவே புகுந்து போகும்போதெல்லாம் கணினி நேரத்தைக் குறித்துக்கொள்ளும். நீளத்தை மட்டும் நாம் அளந்து எக்செல் தாளில் போட்டால் போதும், ஜி எவ்வளவு என்று அதுவே சொல்லிவிடும். கட்டைவிரலுக்கு வேலையே இல்லை.

கணிதத்துக்கும் அறிவியலுக்கும் கணினியைக் கொண்டு பாடம் நடத்துவது பற்றி காஞ்சிபுரத்தில் நடந்த பயிற்சிக்கு ஜானகிராமன் போயிருந்தான். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது. அங்கே ஒரு செய்தியும் கிடைத்தது. இந்திராணி மேடம் என்ற அதிகாரி வியாழக்கிழமை அவன் பள்ளிக்கு வந்து மாதிரி வகுப்பைப் பார்ப்பார். பிடித்துப் போனால் ஜானகிராமன் மாவட்டக் கருத்தாளர் ஆகலாம். அதாவது மற்ற ஆசிரியர்களுக்குப் பாடம் சொல்லித் தரும் ஆசிரியர். பிள்ளைகள் இல்லாத வகுப்பு. ஏசி அறை. பெயருக்கு முன்னால் ஒரு பட்டம்.

அன்றைக்கே வாட்ஸப்பில் தன் படத்தை மாற்றினான். புதிய படத்தில் அவன் யாருக்கோ எதையோ விரல் நீட்டி விளக்கிக்கொண்டிருந்தான். உண்மையில் அது புரோட்டா கடையில் இன்னும் கொஞ்சம் சால்னா கேட்டபோது எடுத்தது. வெட்டி ஒட்டியதில் இலை தெரியவில்லை.

புதன்கிழமை ஒத்திகை. நான்கு மேஜை, நான்கு ஊசல், நான்கு கணினி. ஒரு மேஜைக்குக் கால் மீட்டர் நூல், அடுத்ததற்கு அரை, அடுத்ததற்கு முக்கால், கடைசிக்கு முழு மீட்டர். அளப்பதற்குப் பள்ளியின் மரக்கோல்கள் எப்போதோ கரையானுக்கும் கபடிக் கோட்டுக்கும் போய்விட்டன. பல வருடமாக ஆய்வகத்தில் உழைப்பது, கடைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஜானகிராமன் எடுத்து வந்த இரும்புக் கோல். இரு முனையிலும் பித்தளைப் பூண். கால், அரை, முக்கால் என்று மூன்று வெட்டு. ஓரத்தில் ‘ஏகாம்பரம் ஜவுளி’ என்று பொறித்திருக்கும். சொந்தக் காசில் பள்ளிக்குச் செய்த உபகாரம் என்று அதைப் பற்றி அவன் இரண்டு ஆண்டு விழாக்களில் பேசியிருக்கிறான். சொந்தக் காசு எதுவும் செலவாகவில்லை என்பது வேறு விஷயம்.

நான்கு ஊசலும் ஆடின. நான்கு திரையிலும் எண் வந்தது.

பத்து புள்ளி இரண்டு. பத்து புள்ளி இரண்டு. பத்து புள்ளி இரண்டு. பத்து புள்ளி இரண்டு.

“ஃபேனை நிறுத்து” என்றான் ஜானகிராமன்.

ஃபேன் நின்றது. எண் நகரவில்லை.

“ஜன்னலைச் சாத்து.”

சாத்தினார்கள். எல்லாருக்கும் வியர்த்தது. கணினிக்கு வியர்க்கவில்லை.

“வோல்டேஜ் கம்மியா இருக்கும்” என்றான்.

“வோல்டேஜ் கம்மின்னா லைட்டுதான சார் டல்லா எரியும், பூமி எதுக்கு சார் ஜாஸ்தியா இழுக்குது?” என்று கேட்டான் வசந்த்குமார். ஆசிரியரிடம் என்ன கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்ற பேதம் இல்லாத பையன்.

“நீ உன் கட்டைவிரலைப் பார்த்துக்கோ.”

“அதுக்கு வேலையே இல்லியே சார். பாக்கெட்டுல கீது.”

கடைசி மேஜையிலிருந்து நிஷா எழுந்தாள். திருப்புலிவனத்துப் பெண். அவள் அம்மா பரிமளா அங்கே தையல் மிஷின் வைத்திருக்கிறாள். ஊரில் பலருக்கும் ஜாக்கெட் துணி எடுத்து வந்து தைத்துக் கொடுப்பது அவள்தான். துணி எடுப்பது ஏகாம்பரம் கடையில். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, வாசலோடு வாங்கிக்கொண்டு போய்விடுவாள். பேரம் பேசியதே கிடையாது. அப்படிப்பட்டவளின் பெண் இப்படிக் கேட்டாள்.

“சார், தப்பு பண்ணா ஆளுக்கு ஒரு மாதிரிதான வரும்? நாலு டேபிளும் பேசி வச்சிக்கினு ஒரே மாதிரி தப்பு பண்ணுதே, அது எப்டி சார்?”

நல்ல கேள்வி. கருத்தாளர் ஒருவர் இருந்திருந்தால் பாராட்டியிருப்பார். ஜானகிராமன் மணியைப் பார்த்தான். நல்லவேளையாக அது அடித்தது.

பிள்ளைகள் போன பிறகு அவன் கணினியோடு தனியாக உட்கார்ந்தான். பத்து புள்ளி இரண்டு என்று திரை சொன்னது. கொஞ்சம் இறங்கி வா என்று மனத்துக்குள் சொன்னான். அது இறங்கவில்லை. எழுந்து போவதுபோல் நாலடி நடந்து திரும்பிப் பார்த்தான். கடைத்தெருவில் எவ்வளவு கெட்டிக்காரக் கடைக்காரனும் இந்த இடத்தில் கூப்பிட்டுவிடுவான். கணினி கூப்பிடவில்லை. இப்படி ஒரு அழுத்தக்கார வியாபாரியை அவன் பார்த்ததில்லை.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. தாளில் சூத்திரம் இருந்த கட்டத்தைத் திறந்தான். கடைசியில் ஒரு பெருக்கல் குறி போட்டு 0.96 என்று சேர்த்தான். நூற்றுக்கு நாலு தள்ளுபடி. திரையில் ஒன்பது புள்ளி எட்டு மலர்ந்தது. அதே தாளை நான்கு கணினியிலும் ஏற்றினான். அறிவியலுக்கும் வியாபாரத்துக்கும் பாலம் போட்ட முதல் மனிதன் தான்தான் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினான்.

கடையில் ஏகாம்பரம் ஒரு பெண்ணுக்கு ரவிக்கைத் துணி அளந்துகொண்டிருந்தார். அவள் விலையில் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி நச்சரித்தாள். அவர் விலையைக் குறைக்கவில்லை. கோலை வைத்து அளந்து, கத்தரிக்கோலை வைக்கிற இடத்தில் விரல் ரெண்டை ஊன்றி, அதற்கு அப்பால் நகர்த்தி வெட்டினார். “இந்தாம்மா, ரெண்டு விரல் கொசுறு. உனக்குன்றதால தரேன்.” அவள் வாயெல்லாம் பல்லாகப் போனாள். அவருடைய தாராளத்துக்கு ஊரில் பெயர் உண்டு.

“நைனா, கம்ப்யூட்டர்கிட்டயே டிஸ்கவுண்ட் வாங்கிட்டேன்” என்றான் ஜானகிராமன்.

“எவ்ளோ?”

“நூத்துக்கு நாலு.”

துணியைச் சுற்றிக்கொண்டிருந்த ஏகாம்பரத்தின் கை நின்றது.

“நூத்துக்கு நாலா? எந்தக் கோல்ல அளந்த?”

“கதவுக்குப் பின்னால கிடந்துதே, பித்தளைப் பூண் போட்டது. ரொம்ப வருசம் முன்ன எடுத்துக்கினு போனனே.”

“நீதானா அது? அதைத் தேடித் தேடி, கடைசில அதே ஆசாரிகிட்ட இன்னொண்ணு செஞ்சேன். ஏன்டா, அது விக்கிற கோலுடா.”

“விக்கிற கோல்னா?”

ஏகாம்பரம் வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டார். “மீட்டருக்கு ரெண்டு விரல் கம்மி. நூத்துக்கு நாலு.”

ஜானகிராமன் ஸ்டூலில் உட்கார்ந்தான். படிக்கிற பிள்ளை என்று சிறு வயதிலிருந்தே கடைக்குள் விடாமல் வளர்த்தார்கள். அது எவ்வளவு செலவு பிடித்த வளர்ப்பு என்று இப்போது தெரிந்தது.

“நடுவுல அரை, கால்னு வெட்டு இருக்குதே, அது?”

“அதுலயும் அதே கணக்குதான். அரை மீட்டர் எடுக்கறவனுக்கு ஒரு விரல் கம்மி. பெரிய ஆளுக்கு ஒரு நியாயம், சின்ன ஆளுக்கு ஒரு நியாயம்லாம் நம்மகிட்ட கெடையாது.”

அதனால்தான் நான்கு மேஜையும் ஒரே குரலில் பேசியிருக்கின்றன. நூல் அளந்ததை விடக் குட்டை. குட்டை நூல் சீக்கிரம் ஆடும். பூமி அதிகமாக இழுப்பதாகக் கணக்கு காட்டும். விகிதாசாரம் தவறாத அநியாயம். வருடா வருடம் பிள்ளைகள் கொண்டுவந்து காட்டியது இதைத்தான். அவன் பேரம் பேசி அனுப்பிவிட்டான்.

“இது தப்பில்லையா நைனா?”

“இன்னா தப்பு? கோல்ல ரெண்டு விரல் எடுத்தேன். கொசுறுல ரெண்டு விரல் குடுத்தேன். கணக்கு நேராயிடுச்சு. அவங்களுக்கு சந்தோசம், எனக்குப் பேரு.”

“கொசுறு கேக்காதவங்களுக்கு?”

ஏகாம்பரம் துணிச் சுருளைத் தூக்கி அலமாரியில் வைத்தார். அந்தச் சுருள் அவ்வளவு கவனமாக வைக்க வேண்டியதல்ல. “கேக்காதவங்களுக்கு நான் இன்னா பண்றது.”

ஜானகிராமனுக்கு வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. “எனக்கு நாளைக்கு வேற கோல் வேணும்.”

“இத எடுத்துக்கோ. தறிக்காரங்ககிட்ட துணி வாங்கறதுக்கு வச்சிருக்கறது.”

“இது சரியா இருக்குமா?”

“ரெண்டு விரல் ஜாஸ்தி.”

“நடுவுல ஒண்ணு இல்லியா நைனா?”

“நடுவுல ஒண்ணுல அளக்கறதுன்னா நான் எதுக்குடா கடை வச்சிக்கினு கீறேன்?” என்றவர், மகன் முகத்தைப் பார்த்து இளகி, ஸ்டூல் போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து வேட்டியில் சுற்றிய ஒன்றை இறக்கினார். அரசு முத்திரை குத்திய அசல் மீட்டர் கோல். கைபடாமல் பளபளவென்று இருந்தது. “முத்திரை போட ஆபீசர் வருவாரே, அவருக்குக் காட்டறது. மேடம் போனதும் கொண்டாந்து குடுத்துடு.”

அதிகாரி வரும்போது மட்டும் வெளியே வருகிற கோல். மாதிரி வகுப்பும் அப்படித்தானே என்று பஸ்ஸில் ஜானகிராமனுக்குத் தோன்றியது. தோன்றியதை ஜன்னல் வழியே விட்டுவிட்டான்.

வியாழக்கிழமை காலை பழைய கோலை அலமாரிக்குப் பின்னால் ஒளித்தான். புதுக்கோலைக் கொடுத்து நூல்களைத் திரும்ப அளக்கச் சொன்னான். இந்திராணி மேடம் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து, பேனாவின் மூடியைத் திறந்தார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. விலை கேட்டுவிட்டு வாங்குவாரா போவாரா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். ஊசல்கள் ஆடின.

ஒன்பது புள்ளி நான்கு. நான்கு திரையிலும்.

என்ன ஆயிற்று என்று ஜானகிராமனுக்கு ஒரு கணத்தில் தெரிந்துவிட்டது. கோலை மாற்றினான், தாளில் போட்ட தள்ளுபடியை எடுக்க மறந்துவிட்டான். சரியான அளவுக்கும் நூற்றுக்கு நாலு கழித்துக்கொண்டிருந்தது கணினி. பிறந்ததிலிருந்து கடைத்தெருவில் வளர்ந்தவன் ஒரே சரக்குக்கு இரண்டு முறை தள்ளுபடி கொடுத்திருக்கிறான்.

“கொஞ்சம் ஏறி…” என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

நிஷா எழுந்தாள். “சார், நேத்து பத்து ரெண்டு. இன்னிக்கு ஒன்பது நாலு. மாறுனதும் ஒத்துமையாவே மாறியிருக்குது. நேத்திக்கும் இன்னிக்கும் கோலு மட்டும்தான் வேற.”

“நேற்று வேற கோலா?” என்றார் இந்திராணி மேடம். “அது எங்கே?”

“இங்கதான் எங்கியோ…” என்றான் ஜானகிராமன்.

“தோ கீது மேடம்” என்று வசந்த்குமார் அலமாரிக்குப் பின்னாலிருந்து உருவினான். அவனுக்கு இதற்கு மேல் கைராசியான நாள் வந்திருக்காது.

இரண்டு கோலையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முனையைச் சமப்படுத்தினார்கள். மறு முனையில் நிஷா விரலை வைத்துப் பார்த்தாள். ரெண்டு விரல்.

“ஆனா கோலு மட்டும்தான் காரணம்னா இன்னிக்கு ஒன்பது எட்டுதான வரணும்” என்று முணுமுணுத்துக்கொண்டே கணினிக்குப் போனாள். சூத்திரக் கட்டத்தைத் திறந்தாள். “சார், இங்க பாயிண்ட் தொண்ணூத்தாறுன்னு ஒண்ணு கீது. நேத்து இல்ல.” சொல்லிக்கொண்டே அதை அழித்தாள்.

ஒன்பது புள்ளி ஏழு எட்டு.

அந்த ஆய்வகத்தில் யாரும் பேரம் பேசாமல் வந்து சேர்ந்த முதல் ஜி அதுதான்.

“சார்” என்றான் வசந்த்குமார் மெதுவாக. “அப்ப முன்ன படிச்ச அண்ணனுங்க கட்டைவிரல்லாம் நல்ல கட்டைவிரல்தானா?”

இந்திராணி மேடத்தின் முகம் முதன்முறையாக மலர்ந்தது. “அருமை சார். அளவுகோலில் ஒரு பிழை, தாளில் ஒரு பிழை. ரெண்டையும் நீங்களே வச்சு, பிள்ளைகளே கண்டுபிடிக்கிற மாதிரி வகுப்பை அமைச்சிருக்கீங்க. கம்ப்யூட்டரை இப்படித்தான் பயன்படுத்தணும்னு தலைபாடா அடிச்சிக்கிறேன், ஒருத்தரும் செய்றதில்ல. இந்தக் குட்டைக் கோலை இதுக்குன்னே செய்ய வச்சீங்களா?”

வாங்க வந்தவரே சரக்கைக் கையில் எடுத்துக்கொண்டு விலையையும் சொல்கிறார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். கருத்தாளர் பட்டம், ஏசி அறை, மத்தியானச் சாப்பாடு. கடையின் பெயரும் காப்பாற்றப்படும். குட்டைக் கோல் வெறும் கற்பித்தல் கருவி ஆகிவிடும். ஜானகிராமனின் நாக்கு அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வளைந்துவிட்டது.

நிஷா பழைய கோலைத் திருப்பி, ஓரத்தில் பொறித்திருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அதிகாரியிடம் எதுவும் சொல்லவில்லை. பக்கத்துப் பெண்ணிடம்தான் சொன்னாள், அதுவும் தணிந்த குரலில். “எங்கம்மா துணி எடுக்கற கடைடீ இது. ஜாக்கெட்டு இறுக்கிப் பிடிக்குதுன்னு வந்து சண்ட போடுவாங்க. நீதான் துணியத் திருடிட்டன்னு வாசல்ல நின்னு கத்துவாங்க. எங்கம்மா அழுதுக்கினே திரும்பவும் அளந்து பாக்கும்.”

ஜானகிராமனுக்கு அது கேட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம் என்று இருந்தது.

“இல்லைங்க மேடம்” என்றான். “அது எங்க கடைக் கோல். துணி விக்கிறது. அளவு கம்மி. பாயிண்ட் தொண்ணூத்தாறு நான் போட்டது, விடை சரியா வரணும்னு. இதுல திட்டம்னு ஒண்ணும் இல்லைங்க.”

“அப்படியா” என்று இந்திராணி மேடம் பேனாவை மூடினார்.

கருத்தாளர் பட்டியல் அடுத்த வாரம் வந்தது. பெருநகர் என்ற பக்கத்து ஊரின் பள்ளி ஆசிரியர் ஒருவரின் பெயர் இருந்தது. ஜானகிராமன் வாட்ஸப் படத்தை எடுத்துவிட்டு, முன்பு இருந்த பிள்ளையாரை வைத்தான்.

ஏகாம்பரத்துக்குத்தான் தாங்கவில்லை. “வாங்க வந்தவங்களே நல்ல விலை சொல்லி நீட்டும்போது வேணாம்னு கைய மடக்கினவன் நம்ம வம்சத்துல நீ ஒருத்தன்தான்டா” என்றார். ஆனால் அவர் துக்கத்தையும் சரக்காக்கத் தெரிந்தவர். விஷயம் கடைத்தெருவுக்கு வருமுன் முத்திரைக் கோலை எடுத்துக் கடை முகப்பில் தொங்கவிட்டார். கீழே அட்டை எழுதி மாட்டினார்: ‘பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் சோதித்த கோல்.’ கூட்டம் குறையவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பரிமளா வந்தாள், நிஷாவோடு. வழக்கம்போல் வாசலில் நின்று வாங்கிக்கொண்டு போகவில்லை. உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“ரெண்டு மீட்டர் லைனிங் துணி குடுங்க.”

ஏகாம்பரம் முகப்பிலிருந்து கோலை எடுத்து, எல்லாரும் பார்க்க இரண்டு முறை வைத்து அளந்தார்.

“கொசுறு?” என்றாள் பரிமளா.

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை ஏகாம்பரம் கேட்டதில்லை. “அது பழைய கோலோட போச்சும்மா. இப்ப அளவு கரெக்டா கீது. வேணும்னா உம் பொண்ணையே கேளு.”

“இப்ப கரெக்டா கீது. முன்ன எடுத்ததுக்குக் கேக்கறேன். துணி பத்தாம ஊர்ல என்னத் திருடின்னு சொன்னாங்களே, அதுக்கு எத்தினி விரலு?”

ஏகாம்பரம் மகனைப் பார்த்தார். சனிக்கிழமைகளில் கடையில் சும்மா உட்கார்ந்து அறிவியல் பேசுகிறவன் எழுந்து வந்து, அவர் கையிலிருந்து கோலையும் கத்தரிக்கோலையும் வாங்கினான்.

“நீங்களே சொல்லுங்க பரிமளா. எவ்ளோ?”

“நீங்க வாத்தியாரு. நீங்க சொல்லுங்க சார்.”

கொடுக்கிறவன் முதலில் சொல்லும் எண் எப்போதும் கம்மியாக இருக்க வேண்டும். கடைத்தெருவில் அதைத் தெரியாத குழந்தை கிடையாது. ஜானகிராமன் அளந்த இடத்துக்கு அப்பால் கோலை இன்னொரு முறை முழுதாக வைத்தான்.

ஏகாம்பரத்துக்கு இருமல் வந்தது.

நிஷா துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஜானகிராமன் வெட்டத் தொடங்கினான். கத்தரிக்கோல் பழக்கமில்லாத கை. வெட்டு பாதியிலேயே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிற்று.

“நேரா வெட்டுடா” என்றார் ஏகாம்பரம், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. “அதுவாவது ஒழுங்கா போகட்டும்.”